கடல் கடந்து கற்ற பாடங்கள்

ஒரு நாட்டில் தோன்றும் மக்கள் இயக்கம் அந்நாட்டின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. அதன் செய்தி பரவுகின்றது, புகழும் பரவுகின்றது. ஆயினும் செய்தி பரவுவது வேறு. பாடம் பரவுவது வேறு. செய்தியைக் கேட்டவர் வியந்து பேசி அமைவர். பாடத்தைக் கற்றவரோ தம் மண்ணில் அதனைச் செய்து பார்ப்பர். உலக இயக்கங்களிடமிருந்து செயல்வீரர்களும் ஆய்வாளர்களும் எவ்வாறு கற்றனர், எங்கே இடறினர், அவர்களிடமிருந்து நாம் பெறவேண்டியது யாது என்பவற்றைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூட்டத்தினரிடம் கற்ற தலைவர்

1906ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 11ஆம் நாள். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் எம்பயர் நாடக அரங்கில் இந்தியர்கள் பெருந்திரளாகக் கூடியிருந்தனர். ஆசியர் ஒவ்வொருவரும் விரல்ரேகை பதித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்னும் டிரான்ஸ்வால் அரசின் சட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றுவதே கூட்டத்தின் நோக்கம். தீர்மானம் என்பது அக்காலத்தில் புதிதன்று. கைதட்டலோடு நிறைவேறி மறுநாளே மறக்கப்பட்ட தீர்மானங்கள் பல. ஆனால் அன்று பேச எழுந்த ஹாஜி ஹபீப் என்னும் வணிகப் பெருமகனார், இறைவனைச் சாட்சியாக வைத்தே இத்தீர்மானத்தை ஏற்க வேண்டும் என்றார். இதனைக் கேட்டுத் தாம் திடுக்கிட்டதாகக் காந்தியடிகள் பின்னாளில் எழுதினார். தீர்மானம் வேறு, இறைவன்முன் ஏற்கும் சூளுரை வேறு என்பதை அவர் உடனே உணர்ந்தார். அதன் பொறுப்பைக் கூட்டத்தினருக்கு விளக்கினார். கூட்டம் எழுந்து நின்று உறுதி பூண்டது. பின்னர்ச் சத்தியாக்கிரகம் எனப் பெயர் பெற்ற நெறிக்கு அந்நாளே தொடக்க நாளாயிற்று.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. உலகுக்கே ஆசானாக விளங்கியவர் அன்று தம் எதிரே நின்ற ஒருவரிடம் மாணவராக இருந்தார். நூல்களிடமும் அவர் அவ்வாறே கற்றார். 1908ஆம் ஆண்டு டிசம்பரில் உருசிய எழுத்தாளர் டால்ஸ்டாய் இந்தியர் ஒருவருக்கு எழுதிய நீண்ட மடலை அவர் குசராத்தியில் பெயர்த்து வெளியிட்டார். அம்மடலில் டால்ஸ்டாய் திருக்குறளின் கருத்துகளை எடுத்தாண்டுள்ளார் என்பது தமிழ்த்துறையினராகிய நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி. வள்ளுவரின் அறம் உருசியாவுக்குச் சென்று, அங்கிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, இந்தியரின் கையில் சேர்ந்தது. அறிவு நேர்வழியில் மட்டுமே பயணம் செய்வதில்லை.

நாகபுரியிலிருந்து நாஷ்வில்லுக்கு

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் இதற்கு மிகச் சிறந்த சான்று. 1936ஆம் ஆண்டிலேயே ஹோவர்ட் தர்மன் என்னும் கறுப்பினச் சமயச் சான்றோர் இந்தியா வந்து காந்தியடிகளைக் கண்டு உரையாடினார். மார்ட்டின் லூதர் கிங் 1959ஆம் ஆண்டு வந்து குமரிமுனை வரை சென்றார். திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில், அமெரிக்காவிலிருந்து வந்துள்ள நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் தம்மை அறிமுகப்படுத்தியபோது முதலில் மனம் சுளித்ததாகவும், பின்னர் அது உண்மையே என உணர்ந்ததாகவும் கிங் கூறியுள்ளார். அயலார் வாழ்வைக் காணச் சென்றவர் அங்கே தம் வாழ்வின் பெயரைக் கண்டார்.

இவர்களைக் காட்டிலும் குறைவாகவே பேசப்படுபவர் ஜேம்ஸ் லாசன். கொரியப் போருக்குச் செல்ல மறுத்துச் சிறைப்பட்ட இளைஞர் அவர். விடுதலையான பின் 1953 முதல் 1956 வரை நாகபுரியின் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றினார். மாணவர்க்கு விளையாட்டுப் பயிற்சி அளித்தார். காந்திய நெறியை அதன் மண்ணிலிருந்தே பயின்றார். தாயகம் திரும்பிய அவரைத் தென்மாநிலங்களுக்கு வருமாறு கிங் அழைத்தார். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் மாணவர்களுக்கு அவர் பட்டறை நடத்தினார்.

அப்பட்டறை வெறும் சொற்பொழிவன்று. மாணவருள் சிலர் வசைபாடும் வெள்ளையராக நடிப்பர். சிலர் உணவுமேசையில் அமர்ந்திருப்போராக நடிப்பர். ஏச்சும் தள்ளும் அடியும் நேரும்போது எவ்வாறு அமைதி காப்பது, கீழே விழுந்தால் தலையை எவ்வாறு காத்துக்கொள்வது என்றெல்லாம் திங்கள் கணக்கில் பயின்றனர். 1960 பிப்ரவரியில் அவர்கள் கடைகளின் சிற்றுண்டிப் பிரிவுகளில் சென்று அமர்ந்தனர். 27ஆம் நாள் ஒரே நாளில் 81 மாணவர் கைதாயினர். ஓர் அணியைக் காவலர் அழைத்துச் செல்ல, அடுத்த அணி அதே இருக்கைகளில் வந்து அமர்ந்தது. மே 10ஆம் நாள் அந்நகரின் கடைகள் கறுப்பின மக்களுக்கு உணவு பரிமாறத் தொடங்கின.

வீரம் பிறவிக் குணம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். நாஷ்வில் மாணவர்களின் வீரம் பயிற்சியால் வந்தது. இலக்கணத்தைப் பயிற்சியின்றிக் கற்க முடியாதது போலவே பொறுமையையும் பயிற்சியின்றிக் கற்க இயலாது.

எதிராளியும் கற்கின்றார்

கற்பவர் நாம் மட்டுமல்லர். 1961, 1962ஆம் ஆண்டுகளில் ஜார்ஜியா மாநிலத்தின் அல்பனி நகரில் இதே முறைகள் கையாளப்பட்டன. ஆனால் அந்நகரக் காவல்துறைத் தலைவர் லாரி பிரிச்செட், கிங்கின் வழிமுறைகளை முன்னரே படித்து வைத்திருந்தார். காவலர் எவரையும் பொதுமக்கள் காண அடிக்கவில்லை. சிறை நிரம்பிவிடாதவாறு சுற்று வட்டாரச் சிறைகளையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டார். இயக்கம் நோக்கம் நிறைவேறாமலே தளர்ந்தது. அங்கு எல்லாவற்றையும் ஒருசேர எதிர்த்தது தவறு என்பதைக் கிங் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். 1963இல் பர்மிங்காமில் இலக்குச் சுருக்கப்பட்டது, வணிகர்கள்மீது பொருளாதார அழுத்தம் செலுத்தப்பட்டது, அவ்வியக்கம் வென்றது. வெற்றி பெற்ற இடத்தைப் பார்த்து நகலெடுப்பவன் பாதிதான் கற்கின்றான். தோல்வியை ஆராய்பவனே முழுமையாகக் கற்கின்றான்.

ஆய்வாளரின் கடமை

அறிஞர்களின் பங்கும் இதில் உண்டு. எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் ஆகிய இருவரும் 1900 முதல் 2006 வரை நடந்த 323 போராட்டங்களை ஒப்பிட்டனர். ஆயுதமற்ற போராட்டங்களில் 53 விழுக்காடும், ஆயுதப் போராட்டங்களில் 26 விழுக்காடும் வென்றன எனக் கண்டனர். 2010க்குப் பின்னர் ஆயுதமற்ற இயக்கங்களின் வெற்றி குறைந்துள்ளது என்பதையும் செனோவெத்தே பின்னர் எழுதினார். தம் முடிவுக்கு எதிரான உண்மையையும் மறைக்காமல் கூறுவதே ஆய்வு நேர்மை.

எண்ணிக்கையால் மட்டும் எல்லாம் விளங்கிவிடாது. முகுலிகா பானர்ஜி என்னும் மானிடவியலாளர், எல்லை காந்தி கான் அப்துல் கஃபார் கான் தோற்றுவித்த குதாய் கித்மத்கார் இயக்கத்தின் முதிய தொண்டர்களை 1990களில் நேரில் கண்டு, அவர்தம் நினைவுகளைப் பதிவு செய்தார். பட்டாணியர் என்றாலே துப்பாக்கி என்று எண்ணும் உலகுக்கு, ஆயுதம் ஏந்தாது நின்ற பட்டாணியரின் வரலாறு 2000ஆம் ஆண்டு நூலாகக் கிடைத்தது. அப்பதிவு இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் கேட்பதற்குச் செவி இருந்திருக்கும். சொல்வதற்கு வாய் இருந்திராது.

ஆய்வாளர் சிலர் மக்களிடம் சென்று செய்தி திரட்டுகின்றனர், பட்டம் பெறுகின்றனர், பின்னர் அவ்வூரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கொண்டது மக்களிடமிருந்து என்றால், கொடுப்பதும் மக்களுக்கே ஆதல் வேண்டும். அவர்கள் மொழியில், அவர்கள் படிக்கும் வடிவில் அது திரும்பிச் செல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பு என்னும் பாலம்

மாண்ட்கோமரிப் பேருந்துப் புறக்கணிப்பை விளக்கும் சிறு படக்கதை ஒன்று 1957இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. விலை பத்துக் காசு. அரை நூற்றாண்டுக்குப் பின் 2008இல் அது அரபு மொழியில் பெயர்க்கப்பட்டு எகிப்து இளைஞர்களிடையே பரவியது. 2011இல் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் மக்கள் திரண்டதற்கு அதுவே காரணம் என்று கூறுவது மிகை. ஆயினும் அது தூவிய விதைகளுள் ஒன்று எனலாம். அங்கு ஆட்சி வீழ்ந்தது. ஆனால் 2013இல் இராணுவம் மீண்டும் அதிகாரத்தைக் கைப்பற்றியது. வீழ்த்துவதைக் கற்பதோடு கட்டுவதையும் கற்க வேண்டும் என்பது எகிப்து நமக்குத் தரும் கசப்பான பாடம்.

அயல்நாட்டு முறைகள் நம் மண்ணுக்கு ஒவ்வா என்பார் உளர். அவர்தம் அச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. ஆயினும் லாசன் நாகபுரியை நாஷ்வில்லுக்குத் தூக்கிச் செல்லவில்லை. நெறியை எடுத்துச் சென்றார். வடிவத்தைத் தம் மக்களின் வாழ்விலிருந்தே அமைத்தார். விதையை அயலூரிலிருந்து கொணரலாம். எருவும் நீரும் நம் மண்ணுடையனவாகவே இருத்தல் வேண்டும்.

இனி நாம் செய்ய வேண்டுவது யாது? மாணவச் செல்வங்களே, உலக இயக்கங்களைப் பற்றிய நல்ல நூல்களைத் தமிழுக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் ஊரில் மதுவிலக்குக்காகவும், தண்ணீருக்காகவும், நிலத்துக்காகவும், மொழிக்காகவும் போராடிய முதியோர் இன்னும் உள்ளனர். விடுமுறையில் ஊர் செல்லும்போது அவர்கள் அருகே அமர்ந்து கேளுங்கள், எழுதுங்கள், எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள். சமுதாயப் பெரியோர்களே, வெற்றியை மட்டுமன்றித் தோல்வியையும் மறைக்காமல் இளைஞருக்குச் சொல்லுங்கள். பேராசிரியப் பெருமக்களே, அத்தகைய பதிவுகளையும் ஆய்வேடு எனத் தயங்காது ஏற்றுக்கொள்ளுங்கள்.

உலகிடமிருந்து கற்பது ஒரு பாதி. உலகு நம்மிடமிருந்து கற்குமாறு எழுதி வைப்பது மறுபாதி. அந்த மறுபாதியே தமிழ் பயில்வோரின் தோள்மீது உள்ள கடன்.