தாங்காதாம் உடம்பு!

அண்ணன் மகளுக்குப் பின்லாந்தில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமம். எங்கள் வகையறாவில் கடல் தாண்டிப் படிக்கப் போகும் முதல் பெண் அவள்தான். சேதி கேட்டு வந்த சொந்தபந்தங்கள் மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டே சொன்னது ஒன்றே ஒன்று: "எல்லாஞ் சரி தாயி, அந்தக் குளிரை நம்ம உடம்பு தாங்காதே!" ஒரு மாமா இன்னும் ஒரு படி மேலே போனார். "கொடைக்கானலுக்குப் போயிட்டு வந்தாலே எனக்கு ஒரு வாரம் சளி. நம்ம ரத்தம் வெயில்ல ஊறுன ரத்தம் ஆத்தா, சட்டுன்னு மாத்துனா ஒத்துக்காது. பேசாம மதுரையிலயே எதாச்சும் படி." அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. பெரியவர்கள் நிறைந்த வீட்டில் என் ஆத்திரத்தைக் காட்ட முடியவில்லை. இங்கே காட்டுகிறேன்.

வெயில் ரத்தம், குளிர் ரத்தம் என்று மனிதனில் இரண்டு வகை கிடையாது. தாடிக்கொம்பில் பிறந்தவன் உடம்புக்குள் இருப்பதும் ஏறக்குறைய 37 டிகிரி, பின்லாந்தில் பிறந்தவன் உடம்புக்குள் இருப்பதும் அதே 37 டிகிரி. துணி இல்லாமல் சும்மா நிற்கும் மனிதனுக்கு 27, 28 டிகிரிக் காற்று இதமாக இருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் எந்த நாட்டுக்காரனுக்கும் உடுப்பு வேண்டும், கூரை வேண்டும், நெருப்பு வேண்டும். வெள்ளைக்காரன் பனியில் பிழைத்துக் கிடப்பது கோட்டாலும் பூட்ஸாலும் கணகணவென்று சூடேற்றிய வீட்டாலும்தான். அந்தக் கோட்டை நம் பிள்ளை போட்டுக்கொண்டால் அது சூடு தர மறுத்துவிடுமா? பிறந்த ஊரைக் கேட்டுச் சூடு கொடுக்கும் கம்பளியை எந்த நாட்டில் நெய்கிறார்கள்?

சந்தேகம் இருப்பவர்கள் நார்வேயின் வடகோடியைப் பார்க்கட்டும். யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956-ல் நார்வே போய்ச் சேர்ந்தார். மீன்பிடித் தொழிலின் புதிய முறைகளைக் கற்றுக்கொண்டார். பிறகு ஊர் திரும்பி, நார்வேக்காரர்களின் உதவியோடு காரைநகரில் சீநோர் என்ற நிறுவனத்தை எழுப்பினார். அவர் போட்ட தடத்தில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் நார்வேயின் மக்கள் உயர்பள்ளிகளுக்கு மாணவர்களாகவே போனார்கள். பின்னால் போர் துரத்தியபோது போனவர்களில் பலர் பின்மார்க் என்ற வடகோடி மாவட்டத்தின் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பின்மார்க் ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கிறது. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவுக்குப் பிறகுதான் அங்கே மறுபடி தலைகாட்டும். அந்த இருட்டில், அந்தக் கடற்காற்றில், கையில் ஈர மீனோடு நின்று வேலை செய்தது தமிழ் உடம்பு. பனைமரத்து வெயிலில் வளர்ந்த உடம்பு. யாழ்ப்பாணத்தில் கம்பளிக் கோட்டோடு அலைந்து பழகிய ஒருவரை மாமா எனக்குக் காட்டட்டும், பார்க்கலாம்.

யாரோ இளவட்டங்கள் போய்விட்டார்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. டொரண்டோவின் ஸ்காபரோ பகுதியில் அறுபது வயதுக்கு மேல் போய்ச் சேர்ந்த யாழ்ப்பாணத்துப் பாட்டிகள், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பனிக்குள் நடந்து பள்ளியில் விட்டு வருகிறார்கள். கனடாவில் தமிழ் மரபுத் திங்களாகக் கொண்டாடுவது ஜனவரியை. அந்த நாட்டில் இருப்பதிலேயே குளிர் மிகுந்த மாதம் அது. அந்த மாதத்தில் பட்டுச் சேலை கட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். பாட்டி தாங்குவதை இருபத்திரண்டு வயதுப் பெண் தாங்கமாட்டாளா?

இந்த இடத்தில் எப்போதும் ஒருவர் ராமானுஜனை இழுத்துக்கொண்டு வருவார். "கணித மேதையையே லண்டன் குளிர் கொன்னு போட்டுச்சே!" நம் ஊர் மேடைகளில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வசனம் இது. ராமானுஜன் 1914 ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். 1917-ல் படுத்தார். 1919-ல் சென்னை திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று, சேத்துப்பட்டில், சித்திரை வெயிலில் இறந்தார். அவருக்குக் காசநோய் என்றுதான் அன்றைய வைத்தியர்கள் நினைத்தார்கள். டி. ஏ. பி. யங் என்பவர் பழைய குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து 1994-ல் வேறொரு முடிவுக்கு வந்தார்: அது பெரும்பாலும் கல்லீரலைத் தாக்கும் அமீபா நோய். இங்கிலாந்து போவதற்கு முன்பே ராமானுஜனுக்கு வந்திருந்த சீதபேதியின் மிச்சம். அவர் சொல்வது சரி என்றால், நோய் நம் ஊர்த் தண்ணீரிலிருந்து புறப்பட்டுப் போனது. பழியை மட்டும் இங்கிலாந்துப் பனியின் தலையில் போட்டுவிட்டோம்.

குளிரில் அவர் துன்பப்பட்டது உண்மை. எப்படித் துன்பப்பட்டார் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த வங்காளத்து மகலனோபிஸ் பின்னாளில் அதைச் சொல்லியிருக்கிறார். ராமானுஜன் இரவில் நடுங்குகிறார் என்று தெரிந்து அறைக்குள் போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் ஒழுங்காக விரித்து, ஓரங்கள் மெத்தைக்கு அடியில் செருகியபடி இருக்கின்றன. ராமானுஜனோ மேல்விரிப்பின் மேலே, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறார். கம்பளியைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை! பாயில் படுத்து வளர்ந்தவருக்கு அது எப்படித் தெரியும்? போர்வை இருந்தது, உடம்பும் இருந்தது. ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நூறு வருடங்கள் கழித்தும் நாம் அதையேதான் செய்கிறோம். "தாங்காது" என்று பயமுறுத்துகிறோம். தாங்குவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. பிள்ளை அடம்பிடித்துக் கிளம்பிவிட்டால் பெட்டியில் ஊறுகாயும் பருப்புப் பொடியும் அடைக்கிறோம். கூடவே உள்ளே பருத்தி பனியன், கீழே ஜீன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே கடைக்காரர் "மைனஸுக்கே போதும் சார்" என்று தலையில் கட்டிய ஒரு தடித்த ஜாக்கெட். சின்னாளப்பட்டிச் சுங்குடியும் பருத்தியும் நம் வெயிலுக்கு அமிர்தம், மறுக்கவில்லை. ஆனால் பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். ஈரம் உடம்பின் சூட்டைக் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். பஸ்ஸைப் பிடிக்க ஓடி வியர்த்த பெண், நிறுத்தத்தில் நிற்கும்போது அந்த ஈரப் பனியனால்தான் நடுங்குவாள். தோலை ஒட்டி மெல்லிய கம்பளியோ தெர்மலோ, அதன் மேல் காற்றைப் பிடித்து வைக்கும் ஒரு ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றும் தண்ணீரும் புகாத ஒரு கோட்டு. கட்டடத்துக்குள் நுழைந்தவுடன் மேலே இருப்பதைக் கழற்றிவிட வேண்டும். பூட்ஸ் ஒரு அளவு தளர்வாக, இரண்டு காலுறை போட்டால் விரல் அசையும்படி இருக்க வேண்டும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது? ஒரு கிளாஸ் காபி குடிக்கும் நேரம். அந்த நேரத்தைத்தான் மாமா ரத்த ஆராய்ச்சிக்குச் செலவழித்தார்.

சளிக்கு வருவோம். சளியைக் கொடுப்பது வைரஸ். கொடைக்கானலுக்கு நெருக்கியடித்துப் போன வேனில் இருமிக்கொண்டு வந்தவரை விட்டுவிட்டு மலைமேல் பழி போடுகிறார்கள். அதே பயணத்தில் "குளிருக்கு ஒரு ரவுண்டு போட்டாத்தான் தாங்கும்" என்று பாட்டிலைத் திறப்பவர்களும் இந்தக் கூட்டம்தான். சாராயம் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரித்துவிடும். சூடு வெளியே போகும். சூடேறுவதாகத் தோன்றும்போது உடம்பு உள்ளே குளிர்ந்துகொண்டிருக்கும். கடுங்குளிர் நாடுகளில் குடித்துவிட்டு வெளியே விழுந்து உறைந்து செத்தவர்கள் ஏராளம். படிக்கப் போகும் பையன்களுக்கு எச்சரிக்கை சொல்ல வேண்டுமென்றால் அதைச் சொல்லுங்கள்.

கொடைக்கானல் என்ன சீமையிலா இருக்கிறது? திண்டுக்கல் மாவட்டம்தானே! வத்தலக்குண்டில் பஸ் ஏறினால் ஒரு பொழுதுக்குள் ஏழாயிரம் அடி உயரத்தில் இறங்கலாம். டிசம்பர், ஜனவரியில் ஏரிக்கரைப் புல்லும் ஜிம்கானா மைதானமும் விடிகாலையில் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். அந்தக் காலையில் பூம்பாறையில் பூண்டுக் காட்டுக்குப் போகிறவர்கள் யார்? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டைப் பனியில் குனிந்து களையெடுத்து வளர்த்தது தமிழ்ப் பெண்களின் உடம்பு. 1984-ல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அட்டுவம்பட்டியில் இருக்கிறது. சமவெளிப் பெண்கள் அங்கே விடுதியில் தங்கிப் படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். மன்னவனூரில் கம்பளி ஆட்டுக்கு மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமே நடக்கிறது. இத்தனையையும் ஒரே மாவட்டத்துக்குள் வைத்துக்கொண்டு, குளிர் என்றால் என்னவென்றே தெரியாத இனம் மாதிரிப் பேசுகிறோம்.

எனக்கு இதைவிடப் பெரிய கோபம் ஒன்று உண்டு. இந்த உடம்புக் கவலை எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை? வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில், சுமங்கலித் திட்டம் என்று மங்கலமாகப் பெயர் வைத்து, சின்னப் பெண்களை வருடக்கணக்கில் விடுதியில் அடைத்து வேலை வாங்கினார்களே, அப்போது எந்த மாமாவாவது "பஞ்சுத் தூசியை நம்ம பிள்ளை நுரையீரல் தாங்காது" என்று முன்னால் வந்து நின்றாரா? இதே மாமாவின் மகன் கத்தாரில் கட்டட வேலைக்குப் போனபோது "45 டிகிரியை உடம்பு தாங்காது" என்று தடுத்தாரா? கோடையில் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெளிவேலை கூடாது என்று அந்த அரசாங்கமே தடை போடும் அளவுக்கு வெயில் அது. வெயில் நமக்குப் பழக்கம் என்பதும் இதே மூட்டையில் கட்டிய பொய்தான். வெயில் நம்மையும் கொல்லும். ஆனால் அங்கிருந்து பணம் வருகிறது. அதனால் உடம்பு தாங்கிவிடுகிறது. பெண் தன் விருப்பப்படி படிக்கப் புறப்பட்டால் மட்டும் உடம்பு தாங்காமல் போய்விடுகிறது.

குளிர் நாடுகளில் பிள்ளைகளை வதைப்பது வேறு. பின்மார்க் தமிழர்கள் உடல்வலி, உடல்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டே இருந்ததை ஆராய்ந்த நார்வே மானுடவியலாளர் அன்னே சிக்பிரிட் குரோன்செத், அந்த வலிக்குப் பின்னால் தனிமையைக் கண்டார். மாலை மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊரில், அறைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அம்மாவின் குரல் வேண்டும். கறுத்த தோலுக்கு அந்தச் சன்னமான வெயில் போதாது, வைட்டமின் டி மாத்திரை வேண்டும். உதடு வெடிக்கும். தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக இறுகிக் கிடக்கும். மார்கழி விடிகாலையில் நம் வீட்டிலேயே இறுகுகிற எண்ணெய்தானே என்று சிரிக்க ஒரு தோழி வேண்டும். போன் போட்டு "ரொம்பக் குளிருதா தாயி? நாங்கதான் அப்பவே சொன்னோமே" என்று ஆரம்பிக்கும் உறவு அவளுக்கு வேண்டவே வேண்டாம்.

திண்டுக்கல் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாடு போகும் மாணவர்களுக்கு வழியனுப்பு விழா நடத்தி மாலை போடுகிறீர்களே, அதோடு ஜனவரியில் நாலு நாள் அவர்களைக் கொடைக்கானலில் தங்கவையுங்கள். எந்தத் துணியை எதன் மேல் போடுவது, ஈரக் காலுறையை எப்போது மாற்றுவது என்று விடிகாலை உறைபனியில் நடக்கவிட்டே கற்றுக்கொடுங்கள். ஏற்கெனவே போய் இரண்டு குளிர்காலம் பார்த்த சீனியர் ஒருவரை வீடியோவில் பேசவையுங்கள். சொந்தக்காரர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பின்லாந்தில் ஒரு ஜோடி நல்ல பூட்ஸ் மாணவர் கைக்காசுக்குப் பெரிய தொகை. மொய் எழுதும் கையால் அதை எழுதுங்கள்.