ஆசிட் வாங்கினால் அடையாள அட்டை கேட்கிறார்களா?

டெல்லியில் 2005-ல் ஆசிட் வீச்சுக்கு ஆளானபோது லக்ஷ்மி அகர்வாலுக்கு வயது 15. திருமணத்துக்குச் சம்மதிக்காததுதான் காரணம். உயிர் பிழைத்தவர், அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார்.

2013-ல் கிடைத்த உத்தரவு என்ன சொல்கிறது?

• ஆசிட் வாங்குபவர் அரசு தந்த புகைப்பட அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். எதற்கு என்றும் சொல்ல வேண்டும்.
• கடைக்காரர் அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.
• 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது.
• மீறினால் ரூ.50,000 வரை அபராதம்.
• பாதிக்கப்பட்டவருக்குக் குறைந்தது ரூ.3 லட்சம் இழப்பீடு.

ஆனால், 2022-ல் டெல்லி துவாரகாவில் மாணவி மீது வீசப்பட்ட ஆசிட் ஆன்லைனில் வாங்கப்பட்டது என்றது போலீஸ். தாக்குதல் நடந்தபிறகு இழப்பீடு தேடி ஓடுவதைவிட, விற்கும் இடத்திலேயே தடுப்பதுதான் உத்தரவின் நோக்கம். கடையோ, ஆப்போ, பதிவேட்டை அதிகாரிகள் கேட்டுப் பார்க்காதவரை அது பேப்பரில்தான் இருக்கும்.