வீட்டு ருசி வீட்டுக்குள்ளேயே!

புது செல்போனில் நாலு பாட்டுக் கேட்டதுமே, "இதையும் கேளுங்களேன்" என்று யோசனை சொல்கிறதே, எப்படி? வழி இரண்டு உண்டு, சகோதரிகளே!

ஒன்று, உங்களைப் போன்ற ரசனையுள்ள பலர் கேட்டதைப் பார்த்துச் சொல்வது. 1992-ல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தார் பெயர் சூட்டிய முறை இது. இதற்கு ஊரார் கணக்கு வேண்டும். உங்கள் கணக்கும் வெளியே போகும்.

மற்றது, பாடியவர், இசையமைத்தவர், ராகம் இவற்றைப் பார்த்து ஒத்த பாட்டைத் தேடுவது. ஆரம்பிக்க நாலு பாட்டே போதும். காரியத்தைப் போனுக்குள்ளேயே முடிக்கவும் முடியும். அப்படி முடித்தால் வீட்டு விஷயம் வீதிக்குப் போகாது. குடும்பத்துக்கு இதுதானே பாந்தம்?

ஆனால், தினமும் ஒரே சாம்பார் என்றால் அலுக்குமல்லவா? பத்துக்கு இரண்டு பாட்டு நீங்களாகவே வேறு ரகம் தேடிக் கேளுங்கள். போனும் கற்றுக்கொள்ளும்!