கரிச்சுரங்கத்து மட்டைக்காரர்

காற்பந்தில் ஊறிய நமக்குக் கிரிக்கெட் மெதுவான ஆட்டம். ஜெஃப்ரி பாய்காட் ஆடினாலோ கிரிக்கெட் ரசிகர்களே கொட்டாவி விடுவார்கள்! ஆனாலும் அவர் கதை தோட்டப்புறத்தாருக்கு நன்கு புரியும்.

1940-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷர் வட்டாரத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கச் சிற்றூரில் பிறந்தவர். தந்தை சுரங்கத் தொழிலாளி. கரிவண்டிகள் மோதி முதுகெலும்பு சிதைந்தவர். மகன் மூக்குக்கண்ணாடி அணிந்து, அரசாங்க அலுவலகத்தில் கிராணி வேலை பார்த்துக்கொண்டே மட்டை பிடித்தார். பிடித்த இடத்தை விடவே மாட்டார். 1967-இல் லீட்ஸ் நகரில் இந்தியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 246 ஓட்டங்கள் எடுத்தார். கிடைத்த பரிசு என்ன தெரியுமா? மிக மெதுவாக ஆடினார் என்று அடுத்த பந்தயத்தில் நீக்கிவிட்டார்கள்! தன்னலக்காரர் என்று உடன் ஆடியவர்களும் பழித்தனர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பத்தாண்டு கழித்து, அதே திடலில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தம் நூறாவது முதல்தரச் சதத்தை அடித்தபோது ஊரே எழுந்து நின்றது.

108 டெஸ்ட் பந்தயங்கள், 8114 ஓட்டங்கள். பிறகு தொலைக்காட்சி வர்ணனையாளரானார். அங்கும் அதே பிடிவாதம், நாக்கில். யாராவது எளிய பந்தைக் கோட்டைவிட்டால், தம் அம்மா சமையல் துணியிலேயே பிடித்திருப்பார் என்பார். நம் வீட்டில் முந்தானை என்போம்!

புகழ் மட்டும் சொன்னால் பாதிக் கதை. 1998-இல் தம் தோழியை அடித்த வழக்கில் பிரெஞ்சு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அவர் மறுத்தார், வாய்ப்புகள் சில போயின. 2002-இல் தொண்டையில் புற்றுநோய். பேசிப் பிழைப்பவருக்குத் தொண்டையிலேயே! சிகிச்சை முடித்து மறு ஆண்டே வர்ணனைக்குத் திரும்பினார். 2020 வரை பி.பி.சி. வானொலியிலும் அவர் குரல் கேட்டது.