கிட்டாரை மாத்தாதீங்க, கம்பியை மாத்துங்க

உங்க ஹாஸ்டல் ப்ளாக்ல எத்தனை கிட்டார் இருக்கு? ஒரு தடவை எண்ணிப் பாருங்க. அதுல போன வாரம் யாராவது வாசிச்சது எத்தனைன்னும் எண்ணுங்க. கனகசெட்டிக்குளத்துல நாங்க தங்கியிருக்கிற மாடியில மட்டும் அஞ்சு கிட்டார் இருக்கு. வாசிக்கிற நிலையில இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். மீதி நாலும் பீரோ மேல, பழைய ரெக்கார்டு நோட்டுகளுக்குப் பக்கத்துல தூங்குது.

அந்த நாலுல ஒண்ணு என் ரூம்மேட்டோடது. ஃபர்ஸ்ட் இயர்ல தீபாவளிக்கு வீட்ல கொடுத்த காசு, ஸ்காலர்ஷிப்ல மிச்சம் பிடிச்ச காசு எல்லாத்தையும் சேர்த்து வாங்கினான். ரெண்டு மாசம் தினமும் உட்கார்ந்தான். விரல் நுனி சிவந்து, தோல் உரிஞ்சு, எஃப் கார்டு மட்டும் வரவே இல்ல. ஒரு சீனியர் அண்ணன் சொன்னார்: "ரத்தம் வந்தாத்தான்டா கிட்டார் வரும்." ரத்தமும் வந்துச்சு. கிட்டார் வரல. "எனக்கு மியூசிக் வராதுடா"ன்னு சொல்லி மேல தூக்கி வெச்சவன், அப்புறம் ரெண்டு வருஷம் அதைத் தொடவே இல்ல.

இந்த வருஷம் ஒரு லீவ் நாள்ல சும்மா அதை இறக்கித் துடைச்சேன். கம்பியைத் தொட்டதுமே சந்தேகம். வெர்னியர் காலிப்பர் வெச்சு அளந்தேன். முதல் கம்பியே 0.33 மில்லிமீட்டர். அதாவது '13' செட், நல்ல தடி. வாங்கின கடையில "இது சீக்கிரம் அறுந்து போகாது தம்பி"ன்னு சொல்லி மாட்டிக் கொடுத்தாங்களாம். புதுசா ஒரு '10' செட் வாங்கி மாட்டினேன். அவன் எஃப் கார்டு பிடிச்சான். ஆறு கம்பியும் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கிட்டாரையே பார்த்துட்டு, "இது அதே கிட்டாரா?"ன்னு கேட்டான்.

அதே கிட்டார்தான். அதே விரல்தான். தப்பு கம்பியில இருந்துச்சு. ஆனா ரெண்டு வருஷமா அவன் பழியைத் தன் மேலயே போட்டுக்கிட்டான். இந்தக் கட்டுரையை நான் எழுத அதுதான் காரணம். நம்மில் பாதிப் பேர் கிட்டாரை விடுறது திறமை இல்லாததால இல்லை, பொருந்தாத கம்பியாலதான்னு நான் நினைக்கிறேன்.

தடிமன்: நம்பர் என்ன சொல்லுது?

கவர்ல 10, 11, 12, 13னு போட்டிருக்கிறது முதல் கம்பியோட விட்டம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு. 12னா 0.012 அங்குலம், ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். 10க்கும் 12க்கும் இடையில ரெண்டு நம்பர்தானே வித்தியாசம்னு தோணும். அங்கதான் ஏமாறுறோம்.

ஸ்கூல் ஃபிசிக்ஸ் லேப்ல சோனோமீட்டர் ஞாபகம் இருக்கா? தமிழ் மீடியம் ஆளுங்களுக்கு சுரமானி. நீளமும் சுருதியும் மாறாம இருந்தா, இழுவிசை கம்பியோட எடைக்கு நேர்விகிதம். எடை விட்டத்தோட வர்க்கத்துக்கு நேர்விகிதம். 648 மில்லிமீட்டர் நீளக் கிட்டார்ல முதல் கம்பியை 329.6 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் பண்றதா வெச்சு, எஃகோட அடர்த்தியைப் போட்டுக் கணக்குப் பாருங்க. 12 நம்பருக்கு சுமார் 10.6 கிலோ இழுவிசை. 11க்கு சுமார் 9. 10க்கு சுமார் 7.4. ரெண்டே நம்பர் குறைச்சா இழுவிசை முப்பது சதவீதம் குறையுது. ஆறு கம்பியும் சேர்த்தா 12 செட் எழுபது கிலோவுக்கு மேல இழுக்கும். 10 செட் அறுபது கிலோ பக்கம்.

அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு என் சிபாரிசு 10 அல்லது 11. இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல. விரல் தோல் கெட்டியானதும் மேல போகலாம், போகாமலும் இருக்கலாம்.

காசே செலவில்லாத வழி ஒண்ணும் இருக்கு. இப்ப இருக்கிற கம்பியையே எல்லாத்தையும் அரை ஸ்வரம் இறக்கி ட்யூன் பண்ணி, முதல் ஃப்ரெட்ல கேப்போ போடுங்க. சுருதி பழையபடியே இருக்கும், இழுவிசை பதினோரு சதவீதம் குறையும். இன்னிக்கு ராத்திரியே செஞ்சு பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பன்னிரண்டாவது ஃப்ரெட்ல ஸ்கேல் வெச்சு, ஃப்ரெட்டுக்கும் தடி ஈ கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளங்க. ரெண்டரை மில்லிமீட்டர் சுற்றி இருந்தா நல்லது. நாலுக்குப் பக்கம் இருந்தா எந்தக் கம்பி போட்டாலும் வலிக்கும். அப்ப பார்க்க வேண்டியது கழுத்தும் பிரிட்ஜ் மேல இருக்கிற சேடிலும்.

உலோகம்: வெண்கலமா, பித்தளையா?

கடையில ரெண்டு பேர் அடிக்கடி காதுல விழும். ஒண்ணு '80/20 பிரான்ஸ்', இன்னொண்ணு 'பாஸ்பர் பிரான்ஸ்'. ரெண்டுலயும் உள்ள இருக்கிறது எஃகுதான். பெயர் வர்றது தடிக் கம்பிகள் மேல சுத்தியிருக்கிற உலோகத்தால.

இங்க ஒரு வேடிக்கை. 80/20 என்பது 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். நம்ம வீட்ல இதை வெண்கலம்னு சொல்லவே மாட்டோம், பித்தளைன்னுதான் சொல்வோம். செம்போட வெள்ளீயம் சேர்ந்தாத்தான் வெண்கலம். பாஸ்பர் பிரான்ஸ் அந்த வகை. 92 பங்கு செம்பு, 8 பங்கு வெள்ளீயம், துளி பாஸ்பரஸ். அக்கூஸ்டிக் கிட்டாருக்கு இதை 1974ல கொண்டு வந்தது டி'அடாரியோ கம்பெனி.

சத்தம் எப்படி? 80/20 புதுசுல பளிச்னு, கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தப் பளபளப்பு சீக்கிரம் போயிடும். பாட்டி வீட்டுப் பித்தளைக் குடம் எத்தனை நாள்ல கறுக்கும்னு தெரியும்ல? குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாம், கம்பியைத் தேய்க்க முடியாது. பாஸ்பர் பிரான்ஸ் கொஞ்சம் கதகதப்பா, உருண்டையா ஒலிக்கும். அந்த ஒலி கூடுதல் நாள் நிற்கும். மூணாவதா 'சில்க் அண்ட் ஸ்டீல்'னு ஒண்ணு உண்டு. எஃகுக்கும் மேல் சுற்றுக்கும் நடுவில பட்டு போன்ற இழை இருக்கும். சத்தம் குறைவு, ஆனா விரலுக்கு ரொம்ப இதம்.

இதை நீங்க வாசிக்கிற முறையோட பொருத்திப் பாருங்க. நாலு பேர் பாட, நீங்க பிக் வெச்சு ஸ்ட்ரம் பண்றவங்கன்னா, 11 அல்லது 12ல பாஸ்பர் பிரான்ஸ். மெல்லிய கம்பியை ஓங்கி அடிச்சா ஃப்ரெட்ல மோதி 'ஜிர்ர்'னு கேட்கும், சுருதியும் ஒரு நொடி மேல ஏறி இறங்கும். விரலால ஒவ்வொரு கம்பியா மீட்டுறவங்கன்னா 10 அல்லது 11 போதும். ஹாஸ்டல்ல கிட்டார் எடுக்கிற எல்லாருக்கும் ஒரே கனவுதானே, 1982ல வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்து 'இளைய நிலா'! இளையராஜா இசையில அந்தக் கிட்டாரை வாசிச்சவர் ஆர். சந்திரசேகர். அந்த மாதிரி ஓட்டத்துக்கு விரல் லேசா நகரணும். தடிக் கம்பியோட மல்லுக்கட்டிக்கிட்டு அதைப் பழகுறது, மணல்ல சைக்கிள் ஓட்டப் பழகுற மாதிரி. உங்க கிட்டார் சத்தம் ஏற்கெனவே மந்தமா, பெட்டிக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்தா மட்டும் 80/20 முயற்சி பண்ணுங்க.

உப்புக்காத்து: இதை யூட்யூப் சொல்லாது

மேல சொன்னதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். இனி சொல்றது நமக்கு. யூட்யூப்ல குளிர் நாட்டு ரூம்ல உட்கார்ந்து "மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க"ன்னு சொல்றவருக்கு கனகசெட்டிக்குளம் தெரியாது. ஈ.சி.ஆர். தாண்டினா கடல். நம்ம ரூம் தாழ்ப்பாளும் சைக்கிள் செயினும் என்ன கதியாகுதுன்னு தினமும் பார்க்கிறோம். 0.3 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி மட்டும் தப்பிச்சுடுமா?

இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரில கரோஷன் யூனிட்டை எக்ஸாமுக்காக மட்டும் படிச்சிருந்தா, இப்ப பயன்படுத்துங்க. உள்ள எஃகு, மேல செம்புக் கலவை, நடுவில வியர்வையும் கடல் உப்பும் கலந்த ஈரம். ரெண்டு உலோகம், ஒரு மின்பகுபொருள்: குட்டி கால்வானிக் செல் தயார். அதுல அரிக்கப்படுறது எஃகு. அழுக்கும் துருவும் கம்பி நெடுக ஒரே சீரா படியாது. எடை அங்கங்க மாறும்போது மேல் ஃப்ரெட்கள்ல சுருதி சேராது. நீங்க எத்தனை தடவை ட்யூன் பண்ணாலும் கார்டு கோணலாவே கேட்கும். அப்பவும் நாம "என் காது சரியில்ல"ன்னுதான் சொல்லிக்கிறோம்.

என்ன செய்யலாம்? வாசிக்கிறதுக்கு முன்னாடி கை கழுவுங்க. வாசிச்சு முடிச்சதும் உலர்ந்த பருத்தித் துணியால ஒவ்வொரு கம்பியையும் மேலயும் அடியிலயும் துடைங்க. ஒரு நிமிஷ வேலை. கிட்டாரைக் கடல் பக்க ஜன்னலோரம் மாட்டாதீங்க. பைக்குள்ள வெச்சு, ஷூ டப்பால வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போடுங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும், மழையும் ஈரமும் சேர்ந்து வர்றப்ப, இதை ஒரு நாளும் விடாதீங்க.

காசு கொஞ்சம் கூட இருந்தா கோட்டிங் போட்ட கம்பி வாங்கலாம். மழைக்கோட்டுக்கான கோர்-டெக்ஸ் துணியைத் தயாரிக்கிற அதே கோர் கம்பெனிதான் எலிக்ஸிர் கம்பியையும் தயாரிக்குது. தொழில்நுட்பமும் சொந்தக்காரங்கதான். விலை சாதாரண செட்டைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஆனா கடலோரத்துல அதைவிடக் கூடுதல் நாள் உழைக்கும்னா கணக்கு நேர். மோனெல்னு நிக்கலும் செம்பும் கலந்த உலோகத்துல சுத்தின கம்பியை மார்ட்டின் கம்பெனி விற்குது. கடல்நீர் வால்வுக்கும் கப்பல் தண்டுக்கும் பயன்படுற உலோகம் அது. இருந்தாலும் சுற்று இல்லாத முதல் ரெண்டு கம்பியும் எந்த செட்லயும் வெறும் எஃகுதான். துணி தேவைப்படாத கம்பி கிடையாது.

ஒரு தப்பை மட்டும் செய்யாதீங்க

நைலான் கம்பிக் கிட்டார்ல எஃகுக் கம்பி மாட்டாதீங்க. கிளாசிக்கல் கிட்டார் நைலான் செட்டோட மொத்த இழுவிசை நாற்பது கிலோ சுற்றித்தான். அதுக்காகக் கட்டின மெல்லிய பலகையில எழுபது கிலோவை ஏத்தினா பலகை உப்பும், பிரிட்ஜ் பெயர்ந்து வரும். என் முதல் கிட்டார் அப்படித்தான் போச்சு. "எஃகு போட்டா சத்தம் கூடும்"னு ஒரு கடையில சொன்னாங்க. கூடுச்சு. மூணாவது வாரம் ராத்திரி 'டப்'னு ஒரு சத்தம், அதுதான் கடைசி. ட்யூனிங் தலை ஜன்னல் மாதிரி திறந்திருந்து, உருளைகள் பிளாஸ்டிக்ல தடிமனா இருந்தா, அது பெரும்பாலும் நைலான் கிட்டார். மாத்துறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க.

"கம்பியைப் பார்த்து வாங்குறதெல்லாம் ஓவர் சீன், நல்லா வாசிக்கிறவன் எதுலயும் வாசிப்பான்"னு சிலர் சொல்வாங்க. நல்லா வாசிக்கிறவன் எதுலயும் வாசிக்க மாட்டான். சீவக சிந்தாமணியில காந்தருவதத்தையோட இசைப் போட்டிக்குப் போன சீவகன், கொடுத்த யாழை வாங்கி உடனே மீட்டலை. மரத்துல குறை, நரம்புக்குள்ள மயிர்னு ஒவ்வொண்ணா காரணம் சொல்லித் திருப்பிக் கொடுத்தான். யாழ் நரம்புக்கே கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்குன்னு நாலு குற்றம் வகுத்து வெச்சிருந்த மரபு நம்முடையது. கருவியைச் சந்தேகப்படுறது சோம்பேறித்தனம் இல்ல, அதுவும் வித்தைதான்.

இன்னொரு பக்கமும் உண்மை இருக்கு. தடிக் கம்பி பலகையை நல்லா அதிர வைக்கும். மைக் இல்லாம புல்தரையில வாசிக்க அதோட கனம் வேணும். பழகினவங்க 12, 13 போடட்டும், சந்தோஷம். ஆனா அதை ஃபர்ஸ்ட் இயர் பையனுக்கோ பொண்ணுக்கோ பரீட்சையா வைக்காதீங்க. கொஞ்சம் வலி எல்லாருக்கும் இருக்கும், ரெண்டு மூணு வாரத்துல அடங்கும். மாசக்கணக்கா ரத்தம் வந்தா அது பயிற்சி இல்ல, தப்பான கம்பி.

இந்த சனிக்கிழமை உங்க ப்ளாக்ல பீரோ மேல தூங்குற கிட்டார் ஒண்ணை இறக்குங்க. சொந்தக்காரரைக் கூப்பிடுங்க. நாலு பேர் காசு போட்டு ஒரு 10 செட் வாங்கி மாட்டுங்க. வாசிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம், பக்கத்துல வெச்சுட்டு வாங்க.

என் ரூம்மேட் இப்ப ராத்திரி பதினொரு மணிக்கு மேலயும் நிறுத்த மாட்டேங்கிறான். வார்டன் ரெண்டு தடவை வந்துட்டார். அந்தக் குற்றத்துல எனக்கும் பங்கு உண்டு.