பாறைப் படைகளும் லயத்து மக்களும்

மன்னார்க் கடலில் எண்ணெய் கிடைத்தால் நாட்டின் வறுமை நீங்கும் என்போர் நம்மிடையே பலர். அந்நம்பிக்கையை நாம் பழிக்கவில்லை. அதற்கு ஆதாரமான அறிவியல் போற்றத்தக்கதே. அடையற் பாறைகள் படைபடையாகப் படிந்த வரலாற்றை ஆராய்ந்து, உயிர்ப்பொருள் செறிந்த மூலப்பாறை எது, எண்ணெயைத் தேக்கும் நுண்துளைப் பாறை எது, அது கசியாது மேலே மூடிநிற்கும் பாறை எது என அது துணிகின்றது. 1970களில் சோவியத் உதவியுடன் பேசாலையில் துளையிட்டனர். 2011இல் மன்னார்ப் படுகையில், ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட நீரினடியில் எரிவாயுவைக் கண்டனர்.

சப்ரகமுவ மலைகளில் எண்ணெய் இல்லை. எண்ணெய் பெரும்பாலும் 60 முதல் 120 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் உருவாகும். நம் மலைப்பாறைகளோ அதனிலும் பன்மடங்கு வெப்பத்தில் உருமாறியவை. கேகாலை மாவட்டத்துப் போகலவில் கரிமம் காரீயமாகவே கிடைக்கின்றது.

ஆயின், எண்ணெய் இல்லாத மண்ணில் ஆராய வேண்டிய படைகளும் இல்லையா? இரத்தினபுரியில் மாணிக்கம் அகழும் தொழிலாளி, 'இல்லம' எனப்படும் சரளைப் படையைக் குழியின் ஆழத்தில் இனங்காண்கின்றான். மலைச்சரிவிலும் படைகள் உண்டு. கடும்பாறையின்மேல் உக்கிய பாறை. அதன்மேல் தளர்ந்த மண். மழைநீர் உள்ளே ஊறி நீரமுக்கம் உயர, மண்ணின் பிடிப்புக் குன்றிச் சரிவு நகர்கின்றது. 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களைப் புதைத்தது. அதே மாதத்தில் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டக் குடியிருப்பிலும் மண் சரிந்து உயிர்களைக் கொண்டது.

"ஆபத்து வலயங்கள் வரைபடத்தில் உள்ளன, மக்கள்தாம் பெயர மறுக்கின்றனர்" என்பர் சிலர். எங்கே பெயர்வது? லயம் நிற்கும் நிலம் தொழிலாளிக்கு உரியதன்று. வேறிடத்திலும் அவனுக்குக் காணி இல்லை. 2014 ஒக்ரோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தை லயங்கள் புதையுண்டன. அங்கு எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, மாற்று வீடு இருக்கவில்லை. இதனை மக்களின் பிடிவாதம் என்பது அறியாமையன்று, அநீதி.

மன்னாரில் படைகளை ஆராய்ந்த பின் துளையிடும் கப்பல் வந்தது. மலையில் படைகளை ஆராய்ந்த பின் வருவது எச்சரிக்கை மட்டுமே. இலாபம் தரும் பாறைக்கு முதலீடும், உயிர் காக்கும் மண்ணுக்கு அறிக்கையும் என்பதுதான் நம் நாட்டின் நியாயமா? அறிவியல் குறைபட்டதன்று, அதனை ஏவும் மனம் குறைபட்டது.

ஆபத்து வலயத்து ஒவ்வொரு லயத்துக்கும் ஆய்வு முடிவு தமிழில் அறிவிக்கப்படல் வேண்டும். அதனோடு பாதுகாப்பான காணியும் வழங்கப்படல் வேண்டும். மாணிக்கத்துக்காக 'இல்லம' தேடும் மாவட்டத்தில், மனிதனுக்கு உறுதியான நிலத்தில் ஓர் இல்லமும், அந்நிலத்துக்கு அவன் பெயரில் ஓர் உறுதியும் வேண்டும்.