எண் ஏறினால் வேலை பிறந்ததா?

அமெரிக்காவில் மாநிலந்தோறும், மாதந்தோறும் ஒரு வேலைக் கணக்கு வெளியாகிறது: ‘நிர்வாக உதவி மற்றும் கழிவு மேலாண்மைச் சேவைகள்’. இந்த எண் ஏறினால் அந்த மாநிலத்தில் புது வேலைகள் பிறந்துவிட்டன, இறங்கினால் மந்தம் வாசலுக்கு வந்துவிட்டது என்று பொருளாதாரம் பேசுவோர் பலர் படிக்கிறார்கள். அந்த வாசிப்பு தவறு. அதனால் மறைந்துபோகிறவர்கள் மிகக் குறைந்த கூலிக்கு மிகக் கடினமான வேலை செய்பவர்கள்.

பெயரில் ‘கழிவு’ இருப்பதால், குப்பை அள்ளுவோரின் நிலையை இந்த எண் காட்டும் என்பது முதல் நம்பிக்கை. நாடு முழுவதும் இந்தத் துறையில் சுமார் 90 லட்சம் வேலைகள் கணக்கில் வருகின்றன. அவற்றில் கழிவு மேலாண்மையின் பங்கு ஏறக்குறைய இருபதில் ஒன்றுதான். மற்றவை செக்யூரிட்டி, கட்டடத் துப்புரவு, தோட்டப் பராமரிப்பு, கால் சென்டர், கடன் வசூல், பயண ஏற்பாடு. இவற்றோடு, தற்காலிக ஆட்களை அனுப்பும் ஏஜென்சிகள். 1997-இல் அமெரிக்காவும் கனடாவும் மெக்சிகோவும் சேர்ந்து கொண்டுவந்த தொழில் வகைப்பாடு இவை அனைத்தையும் 56 என்ற ஒரே எண்ணுக்குள் போட்டது.

அந்த இருபதில் ஒன்றிலும் எல்லாக் குப்பைத் தொழிலாளர்களும் இல்லை. 1968 பிப்ரவரி 1 அன்று, டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில், மழைக்குக் குப்பை வண்டிக்குள் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் இருவரும் அதன் அழுத்தும் இயந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். தொடர்ந்து சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுக்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் அந்த நகரிலேயே ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். வேலைநிறுத்தம் செய்த அவர்கள் மாநகராட்சி ஊழியர்கள். இன்றும் அப்படி நகர நிர்வாகத்திடம் நேரடியாகச் சம்பளம் வாங்குபவர் இந்த எண்ணில் வரமாட்டார். அவர் அரசு வேலைக் கணக்கில் சேர்வார். நியூயார்க் நகரில் வீட்டுக் குப்பையை அள்ளும் மாநகரப் பணியாளர்களும் அப்படித்தான். நகரம் இந்த வேலையைத் தனியாருக்குக் கொடுத்துவிட்டால், ஒரு வண்டிகூடக் கூடாமல் இந்த எண் ஏறும்.

‘ஏறினால் புது வேலை’ என்ற வாதமும் இங்கேயே விழுகிறது. ஒருவர் எந்த வேலை செய்கிறார் என்று இந்தக் கணக்கு கேட்பதில்லை. சம்பளம் போடும் நிறுவனம் எந்தத் தொழிலில் இருக்கிறது என்றே பார்க்கிறது. ஏஜென்சி அனுப்பிய ஆள் டென்னசியின் கார் ஆலையில் நாள் முழுக்கக் கதவு பொருத்தினாலும் அவர் உற்பத்தித் துறையில் எண்ணப்படமாட்டார். ஓர் ஆலை தன் துப்புரவாளர்களை நீக்கிவிட்டு அவர்களையே கான்ட்ராக்டர் மூலம் திரும்ப எடுத்தால், உற்பத்தித் துறையில் வேலை குறைந்ததாகவும் 56-இல் கூடியதாகவும் பதிவாகும். தரையும் துடைப்பமும் மாறியிருக்காது, சம்பளம் மட்டும் மாறியிருக்கும். அரிந்திரஜித் துபே, ஈதன் கேப்லன் என்ற இரு பொருளியலாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கான்ட்ராக்டுக்குப் போன துப்புரவாளர்கள் 4 முதல் 7 சதவீதமும் காவலாளிகள் 8 முதல் 24 சதவீதமும் குறைவாகச் சம்பாதித்தார்கள். இந்த இழப்பை வளர்ச்சி என்று எழுதுவது அநியாயம்.

மந்தத்தின் முன்னறிவிப்பு என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. நெருக்கடி வந்தால் நிறுவனங்கள் தற்காலிக ஆட்களைத்தான் முதலில் அனுப்பும். 2001-க்கும் 2008-க்கும் முன்பு அப்படித்தான் நடந்தது. ஆனால் 2022 மார்ச்சில் உச்சம் தொட்ட தற்காலிக வேலைகள் அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சரிந்தன. அந்தக் காலம் முழுவதும் நாட்டின் மொத்த வேலைகள் கூடிக்கொண்டே இருந்தன. மந்தம் வரவில்லை.

உண்மையைத் தேடுபவர், இந்த எண்ணை வெளியிடும் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையே ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் தொழில்வாரிக் கணக்கைத் திறக்கட்டும். அது மாதாமாதம் வராது, தாமதமாகத்தான் வரும். ஆனால் அதில் குப்பை அள்ளுவோருக்கு மாநிலவாரியாகத் தனி வரிசை இருக்கிறது. மாநகராட்சி ஊழியரும் கான்ட்ராக்ட் ஆளும் அங்கே ஒன்றாக எண்ணப்படுகிறார்கள், பக்கத்திலேயே அவர்களின் கூலியும் அச்சாகிறது.